கிளையின் கடைசி இரண்டு ஆண்டுகள்

30 ஆகஸ்ட் 2019, வெள்ளி

சாயங்காலம் கேஷ் கட்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்தது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் டெல்லியில் அறிவித்துவிட்டார்: பத்து அரசு வங்கிகள் நான்காகின்றன. 2017-ல் 27 இருந்தவை இனி 12. மறையப்போகிற பெயர்கள் ஆறு: ஓரியண்டல், யுனைடெட், சிண்டிகேட், ஆந்திரா, கார்ப்பரேஷன், அலகாபாத். இதில் எங்களுடையது எது என்று இங்கே எழுதப்போவதில்லை.

யாருக்கும் வேலை போகாது என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் மூச்சே வந்தது.

பத்தர் அண்ணன் உரைகல்லைத் துணியில் சுற்றிக்கொண்டே என் கவுண்டர் பக்கம் வந்தார். பத்தொன்பது வருஷமாக எங்கள் கிளையின் நகை மதிப்பீட்டாளர். “ஏம்மா, யாருக்கும் போகாதுன்னா அதுல நானும் உண்டுதானே?” என்றார். “ஆமாண்ணே” என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

22 அக்டோபர் 2019, செவ்வாய்

இணைப்பை எதிர்த்து இன்று வேலைநிறுத்தம். ஏஐபிஇஏ, பெஃபி என்ற இரண்டு வங்கி ஊழியர் சங்கங்களும் அழைத்திருந்தன. அதிகாரிகள் சேரவில்லை, கிளை திறந்துதான் இருந்தது, கவுண்டரில் ஆள் இல்லை. வாசலில் கொடி பிடித்து நின்றபோது ஒரு பெரியவர் கேட்டார்: “நம்ம கும்பகோணத்துக்கு இது புதுசா?” உண்மைதான். இங்கத்திய சிட்டி யூனியன் பேங்க் 1904-ல் கும்பகோணம் பேங்க் என்று தொடங்கியது, 1965-ல் சிட்டி ஃபார்வர்டு, யூனியன் என்ற இரண்டு சின்ன வங்கிகளைச் சேர்த்துக்கொண்டது. இப்போதைய பெயரே அப்படி வந்ததுதான். ஆனால் அது இந்த ஊர் வங்கி. நாளைக்கு எங்களுக்கு இடமாறுதல் போடுகிறவர் யார், எந்த ஊரில் உட்கார்ந்திருப்பார் என்றே தெரியாது.

1 ஏப்ரல் 2020, புதன்

இன்றுமுதல் சட்டப்படி எங்கள் வங்கி இல்லை. ஊரடங்கு என்பதால் பெயர்ப்பலகை மாற்ற ஆள் வரவில்லை. பழைய பலகைக்குக் கீழேதான் ஷட்டரைத் தூக்கினோம்.

3 ஏப்ரல் 2020, வெள்ளி

ஜன்தன் கணக்குப் பெண்களுக்கு அரசின் ஊரடங்கு உதவி 500 ரூபாய். கணக்கு எண் 0, 1-ல் முடிகிறவர்களுக்கு இன்று. தேதி பார்த்து வந்தவர்கள் பாதி, பணம் திரும்பப் போய்விடுமோ என்று பயந்து வந்தவர்கள் மீதி. சுண்ணாம்பில் போட்ட வட்டங்கள் பத்து மணிக்கே நிறைந்துவிட்டன. எங்களில் மூன்று பேருக்கு பஸ் இல்லாமல் வர முடியவில்லை.

பதினொரு மணிக்கு, எங்களைச் சேர்த்துக்கொண்ட வங்கியின் எதிர்வரிசைக் கிளையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். “மேனேஜர் அனுப்பினார், இனி ஒரே பேங்க்தானே மேடம்” என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே வெயிலில் நின்று டோக்கன் கொடுக்க ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷம் ஒரே தெருவில் இருந்தும் அவர்கள் முகத்தை இன்றுதான் பார்த்தேன். ஏழு மாதமாக மனதுக்குள் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்ததற்கு வெட்கப்பட்டேன்.

18 ஜனவரி 2021, திங்கள்

புது மென்பொருள். லெட்ஜர் பார்க்க விரல் தன்னால் ஏ-சி-எல்-ஐ என்று பழைய மெனுவை அடிக்கிறது; திரை ஒன்றும் சொல்லாமல் நிற்கிறது. இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு பாஸ்புக் பதிய நாற்பது நிமிடம் ஆனது இதுவே முதல் தடவை. எதிர்க் கிளைப் பையன், என் மகன் வயது, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்.

பட்டியல்களில் எங்கள் பெயருக்கு முன்னால் ஒரு ‘இ’ போடுகிறார்கள். ‘எர்ஸ்ட்வைல்’, அதாவது முன்னாள் வங்கி ஊழியர் என்று அர்த்தமாம். ‘இ ஸ்டாஃப் இரண்டு பேரை அனுப்புங்கள்’ என்று மெயில் வருகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதுவதில்லை. ஆனால் பதவி உயர்வுப் பட்டியலைத் திறந்தால் முதலில் அந்த எழுத்தைத்தான் கண் தேடுகிறது. அவர்கள் ஆட்களுக்கும் இதே கணக்குத்தான். “உங்க ஆளுங்க உள்ள வந்து எங்க சீனியாரிட்டி இறங்கிப்போச்சு” என்று அந்தப் பையனே ஒருநாள் சொன்னான்.

11 செப்டம்பர் 2021, இரண்டாவது சனி

ஒரே தெருவில் இரண்டு கிளை வேண்டாம் என்று எங்கள் கிளையை எதிர்க் கிளையோடு சேர்க்கிறார்கள். விடுமுறை நாளில் நகைகளை மாற்றினோம்.

காலை எட்டு மணிக்கு மேனேஜர் ஒரு சாவி, நான் ஒரு சாவி போட்டு பெட்டக அறையைத் திறந்தோம். 412 பைகள். ஒவ்வொன்றையும் பிரித்து, பத்தர் அண்ணன் தராசில் வைத்து எடை சொல்ல, நான் பதிவேட்டில் டிக் போட, இரண்டு கிளை அதிகாரிகளும் கையெழுத்திட, மறுபடி கட்டி அரக்கு வைத்தோம். சில நகைகளை அவர் எடை பார்க்கும் முன்பே அடையாளம் சொன்னார். “இது கொட்டையூர் அம்மாவோட ரெட்டை வடம். மூணாவது தடவை வருது.” ஒரு பையில்கூட குன்றிமணி வித்தியாசம் இல்லை. எதிர்க் கிளை அதிகாரி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமைமுதல் பத்தர் அண்ணன் வர வேண்டாம் என்பது அந்த அதிகாரிக்கும் தெரியும். ஒரு கிளைக்கு ஒரு மதிப்பீட்டாளர் போதும், அங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

சங்கத்தில் கேட்டேன், வட்டார அலுவலகத்துக்கு எழுதினேன். அவர் ஊழியர் இல்லை, கடனுக்கு இத்தனை என்று கமிஷன் வாங்குகிறவர், பட்டியலிலேயே இல்லாதவரை நீக்கினதாக எப்படிச் சொல்வது என்றார்கள். இருபது வருஷமாகக் கூட்டிப் பெருக்கின தற்காலிக அம்மாவுக்கும் இதே பதில். எங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள், மறுக்கவில்லை. ஒருவர் சம்பளமும் குறையவில்லை. ஆனால் ஒரு கிளையில் வேலை செய்கிறவர்களை எண்ணத் தெரியாமல் கொடுத்த வாக்கு அது.

“நீ அன்னிக்குச் சொன்னதை மனசுல வெச்சுக்காதேம்மா” என்றார் பத்தர் அண்ணன், கிளம்பும்போது. அதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்.

6 செப்டம்பர் 2022, செவ்வாய்

ஒவ்வொரு நகைப் பைக்குள்ளும் மதிப்பீட்டாளர் கையெழுத்திட்ட சீட்டு ஒன்று இருக்கும். நகைக் கடன் ஒரு வருஷத்துக் கடன் என்பதால் அண்ணன் கையெழுத்திட்ட பைகள் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தன. பெட்டக அறைக்குள் போகிறபோதெல்லாம் எண்ணுவேன். போன வாரம் மூன்று இருந்தன.

கடைசி ஒன்றை இன்று மீட்டுப் போனார்கள். கொட்டையூர் அம்மாவின் ரெட்டை வடம். புது மதிப்பீட்டாளர் எடை பார்த்துச் சரி என்றதும், அந்த அம்மா கவுண்டர் கம்பி வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, “பத்தர் எங்கே, இன்னிக்கு லீவா?” என்று கேட்டார்.

அவர் கடை சாரங்கபாணி கோயில் பக்கத்துச் சந்தில் என்று வழி சொல்லி அனுப்பினேன்.