பாதர் காட்டாத கடைசி ரீல்

பாதர் மோசம் போயிட்டார் எண்டு வைபர் குறூப்பில வந்த உடன எல்லாரும் கும்பிடுற கை போட்டினம், அடுத்த நாளே பழைய மாணவர் சங்க மலர்க்குழுவில இருந்து போன், நீர் போடிங்கில இருந்தனீர்தானே, அவரைப்பற்றி ஒரு பக்கம் எழுதித்தாரும் எண்டு. பேர் போடேல்லை, எந்தப் பாதர் எண்டு உங்களுக்கு விளங்கும். அந்தப் பிரம்பு, அந்தத் தைச்சுத் தைச்சுப் போட்ட அங்கி.

நல்லதா நாலு வரி எழுதத்தான் குந்தினனான். ஆனா அவரை நினைச்சா எனக்கு முதல் வாறது ஹோலில போட்ட அந்தப் படம்தான், 'மிசியே வின்சன்', மிசியே எண்டா பிரெஞ்சில ஐயா. 1947இல வந்த பிரெஞ்சுப் படம், மொறிஸ் குளோஷ் எடுத்தது, ஏழையளுக்கு உழைச்ச பிரெஞ்சுச் சுவாமி வின்சன்ட் டி போலா நடிச்ச பியேர் பிரெனேக்கு வெனிஸில சிறந்த நடிகர் பரிசு, 1949இல அமெரிக்காக்காரரும் படத்துக்கு ஒஸ்கார் விசேட விருது குடுத்தவை. இதெல்லாம் இஞ்ச பரிசுக்கு வந்து அறிஞ்சது. அண்டைக்கு எம்ஜிஆர் படம் எண்டு நம்பிப் போன எங்களுக்கு, திரையில ஒரு சுவாமி நடந்து வந்ததுதான் தெரியும்.

1617, சத்தியோன் எண்ட ஊர். பிளேக் பயத்தில ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு இருக்குது, புதுசா வந்த சுவாமிக்கு உள்ளுக்கை இருந்து கல்லெறி விழுது. எங்கட பெடியள் கை தட்டினாங்கள். ஏன் எண்டு உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாதர் புரொஜெக்டருக்குப் பக்கத்தில நிண்டு இங்கிலிஷ் எழுத்தை வாசிச்சு வாசிச்சுத் தமிழில கத்துவார், இடைக்கிடை பிரம்பால வாங்கில தட்டுவார். கப்பலில துடுப்பு வலிக்கிற கைதி ஒருத்தன் ஏலாமல் விழ, வின்சன்ட் போய் அவன்ர இடத்தில குந்தி வலிக்கிற இடத்துக்கு மட்டும் முழு ஹோலும் விசில், அதுக்குப் பாதர் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு பணக்காரப் பொம்பிளையள் கூடி இருக்கிற இடத்தில தெருவில போட்டுட்டுப் போன பிள்ளை ஒண்டை வின்சன்ட் கொண்டந்து காட்டுவார், அவளவை பாவத்தில பிறந்தது எண்டு முகத்தைத் திருப்புவினம். அந்த நேரம் பார்த்து ஸ்ரடி மணி. மணி எண்டா மணிதான், பாதர் புரொஜெக்டரை நிப்பாட்டினார். "மிச்சத்தில அவர் வயசுபோய்ச் செத்து மோட்சம் போறார், எழும்புங்கோ" எண்டார்.

அடுத்த நாள் அசெம்பிளியில அதே படத்தை வைச்சுப் பிரசங்கம். முடியிற நேரம், ஏழையளுக்கு உதவுற வின்சன் டி போல் சபையின்ர காசில படிக்கிற பிள்ளையள் முன்னுக்கு வாங்கோ எண்டார். எங்கட வகுப்பில அது நான் ஒருத்தன்தான், அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. சபைத் தலைவரின்ர கையால ஒரு சோடி சப்பாத்து, முழுப் பள்ளிக்கூடத்தையும் பாத்து இங்கிலிஷில நன்றி சொல்லோணும், நான் சொன்னன், சப்பாத்து ரெண்டு சைஸ் பெரிசு. இன்டர்வலுக்கு முதலே எனக்குப் பட்டம் விழுந்திட்டுது, மிசியே. இந்த மலரை வாசிக்கிற சிலபேர் இப்பவும் எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலில கண்டா அப்பிடித்தான் கூப்பிடுவினம். இஞ்ச வந்த புதுசில விசா குடுக்கிற பிறெபெக்ஸர் கந்தோர்க் கவுண்டரில இருந்தவளும் என்னை மிசியே எண்டாள், எனக்கு நெஞ்சு திக்கெண்டுது.

பாதர் கெட்ட மனுசன் இல்லை, எனக்கு அதுதான் கரைச்சல். தன்ர காலில றப்பர் செருப்பு, தன்ர சோத்தை நோயாளிப் பெடியனுக்குக் குடுத்திட்டுத் தேத்தண்ணியோட படுப்பார். ஆமி பெடியளைப் பிடிச்சுக்கொண்டு போன நேரம் சைக்கிளில போய் காம்ப் வாசலில விடியும்வரை நிண்டதும் அவர்தான். நான் வெளிக்கிடப்போறன் எண்டு அம்மா போய்ச் சொல்ல, ஏ லெவலை எடுத்திட்டுப் போகட்டும் எண்டு கெஞ்சினவராம். நான் எடுக்கேல்லை. வந்து கோப்பை கழுவினன், பிறகு குசினி, பிறகு பிள்ளையள், பிறகு முதுகு வருத்தம். படிச்சிருந்தா எண்டு நினைக்கிறது இரவில மட்டும்.

லாச்சப்பலில நாங்கள் மீனும் முருங்கைக்காயும் வாங்கிற அதே போபூர் சான் துனித் தெருவால கீழ இறங்கி நடந்தா, வின்சன்ட்டுக்கு 1632இல கிடைச்ச சான் லாசார் மடம் இருந்த இடம் வரும். 1660இல அங்கதான் செத்தவர். பிற்காலத்தில அதை மறியலாக்கினவை. எத்தினை வருசம் மரக்கறிப் பையோட அதால போயிருப்பன், இது தெரியாமல்.

கடைசி ரீலை டிவிடியிலதான் பாத்தன். மனுசி பக்கத்தில நித்திரை. கிழவன் சாகப்போறார், முதல்தரம் ஏழையளிட்டப் போகப்போற சின்னச் சிஸ்டர் ஒருத்தியைக் கூப்பிட்டுச் சொல்லுறார், நீ குடுக்கிற பாணுக்காக ஏழையள் உன்னை மன்னிக்கிறதெண்டா அது உன்ர அன்புக்காக மட்டும்தான் எண்டு. அது வின்சன்ட் எழுதிவைச்ச வசனம் இல்லையாம், ஜோன் அனூய் ஆக்கள் படத்துக்கு எழுதினது. ஆர் எழுதினா என்ன, நான் நிப்பாட்டித் திருப்பித் திருப்பிப் போட்டன். அண்டைக்கு ஸ்ரடி அரை மணித்தியாலம் பிந்தியிருந்தா எண்டு யோசிச்சன். பாதர் கட்டாயம் அதையும் கத்தி வாசிச்சிருப்பார். அடுத்த நாள் சப்பாத்தும் குடுத்திருப்பாரோ என்னவோ.

போன பொதுக்கூட்டத்தில பாதரின்ர பேரில வறிய பிள்ளையளுக்கு உதவித்தொகை எண்டு முடிவெடுத்தம், நான் முதல் ஆளாக் காசு போட்டன். பிள்ளையளை மேடையில ஏத்தி, கவரோட நிக்கிற படம் எடுத்து அனுப்பச் சொல்லோணும் எண்டு ஒருத்தர் சொன்னார். நான் எழும்பி, வேண்டாம், அதிபரின்ர ரசீது காணும் எண்டன். படம் போடாட்டி அடுத்த வருசம் ஆர் அண்ணை காசு தருவினம் எண்டு பொருளாளர் கேட்டார். அதுவும் ஞாயமான கேள்விதான், கூட்டம் அதோட தேத்தண்ணிக்கு எழும்பீட்டுது.