காக்-ஏ இல்லாமலும் அழற்சி வரும்

இரைப்பையில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி, அவசரத்துக்கு வளைந்துகொடுக்காத கிருமி. ஆக்சிஜனைக் குறைத்து, கார்பன் டை ஆக்சைடைக் கூட்டி, 37 டிகிரியில் வைத்தாலும் தட்டில் படரச் சில நாட்கள் எடுக்கும். விட்டுவைத்து முதிர்ந்தால் சுருள் வடிவம் போய் உருண்டையாகிவிடும். அதற்கப்புறம் அது சோதனைக்கு உதவாது.

வளர்ப்புக் குடுவையில் உள்ள இரைப்பைச் செல்கள்மேல் அதை விட்டுச் சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நெருக்கமாகப் படிந்திருந்த செல்கள் பிரிந்து, நீண்டு, ஒரு முனை கூர்ந்து நிற்கும். கிருமி தன் ஊசி போன்ற அமைப்பின் வழியே காக்-ஏ என்ற புரதத்தைச் செல்லுக்குள் செலுத்துகிறது. செல்லின் சொந்த நொதிகளே அதில் பாஸ்பேட்டை ஒட்டிவிட, செல்லின் சட்டகம் குலைகிறது.

இந்தக் காட்சியைப் பார்த்தவர் எவருக்கும் அழற்சிக்கும் காக்-ஏ தான் காரணம் என்று தோன்றும். புரதங்களின் அளவை நிறத்தால் காட்டும் எலைசா தட்டு வேறு கதை சொல்கிறது. அழற்சியின் அழைப்பாணையான இன்டர்லூக்கின்-8 எவ்வளவு சுரந்ததோ, அவ்வளவுக்குக் குழியில் மஞ்சள் அடர்த்தியாகும். காக்-ஏ மரபணுவை நீக்கிய கிருமித் திரிபை விட்டால் செல்லின் வடிவம் மாறாது. ஆனால் மஞ்சள் பெரும்பாலும் அப்படியே வரும். ஊசியைச் செயலிழக்கச் செய்த திரிபில்தான் நிறம் வெளுக்கும். அப்படியானால் ஊசி வழியே வேறு எதுவோ உள்ளே போகிறது!

கிருமியின் செல்சுவர்த் துணுக்குகளை நாட்1 என்ற ஏற்பி உணர்வதாக 2004-லேயே காட்டியிருந்தார்கள். பெரிய விடை பின்னால் வந்தது: ஏடிபி-ஹெப்டோஸ் (ADP-heptose) என்ற சிறிய சர்க்கரை மூலக்கூறு. கிருமி தன் புறச்சவ்வைக் கட்டத் தயாரிக்கும் இடைப்பொருள் அது. செல்லுக்குள் ஆல்ஃபா கினேஸ்-1 என்ற நொதி அதை அடையாளம் காண்கிறது, டிஃபா புரதங்கள் கொத்தாகச் சேர்கின்றன, அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பாபி உட்கருவுக்குள் நுழைகிறது. ஒளிரும் குறி பூட்டிய டிஃபா, செல் முழுக்கப் பரவியிருந்த நிலையிலிருந்து புள்ளி புள்ளியாகத் திரள்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆயுதமாகவே உருவான புரதத்தைவிட, வீடு கட்டும் சரக்கு ஒன்று இத்தனை பலமாக எச்சரிக்கை மணியை அடிக்கிறது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

இன்டர்லூக்கின்-8-இன் அழைப்புக்கு நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் ஓடிவருகின்றன. கிருமியோ சளிப்படலத்தில் பத்திரமாக இருக்கிறது; சேதம் திசுவுக்குத்தான். சிகிச்சை இல்லாவிட்டால் இது பல பத்தாண்டுகள் நீடிக்கும். சிலருக்குப் புண், மிகச் சிலருக்குப் புற்றுநோய். காக்-ஏ சாதுவானது என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய்ப் பாதையில் அதன் பங்கு பெரிது. ஆனால் அழற்சி மணியையும் அதன் தலையில் கட்டிவிடக் கூடாது. அதனால்தான் புதிதாகச் சேரும் மாணவர்களிடம், ஒவ்வொரு தட்டிலும் காக்-ஏ நீக்கிய திரிபையும் ஊசி செயலிழந்த திரிபையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன்.