பூட் வரிசையும் ஒரு 3 வோல்ட் பேட்டரியும்

பொங்கலுக்காக நான்கு நாட்கள் பூட்டியிருந்த டி.டி.பி. மையத்தை என் அக்கா திறந்து கணினியை இயக்கியபோது, விண்டோஸ் வருவதற்குப் பதிலாகக் கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அதைத் தொலைபேசியில் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னார்: "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்." பார்க்க வந்த பழுதுபார்ப்பவர், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றும், புதிய டிஸ்க் வாங்கி விண்டோஸை முதலிலிருந்து ஏற்றுவதைத் தவிர வழியில்லை என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "தம்பி, பன்னிரண்டு வருசத்து வேலை அதுக்குள்ள இருக்குடா" என்று சொன்னபோது அக்காவின் குரல் உடைந்திருந்தது.

அந்தக் கணினியைப் புதிதாக ஏற்றுவது எளிய வேலை அன்று. அதில் இருப்பது விண்டோஸ் 7. அதன்மேல் பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கரும், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய குறியாக்கங்களில் அமைந்த தமிழ் எழுத்துருக்களும், அவற்றுக்குரிய விசைப்பலகை மென்பொருளும் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகைகள், கும்பாபிஷேக அழைப்பிதழ்கள், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் எல்லாம் அந்த எழுத்துருக்களில் செய்யப்பட்டவை. எழுத்துரு இல்லாமல் அந்தக் கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற குறிகள்தான் தெரியும். ஆகவே, டிஸ்க்கை மாற்றும் முன் அது உண்மையிலேயே பழுதாகியிருக்கிறதா என்று பார்க்க மறுநாள் காலையில் நேரில் போனேன்.

திரையில் வந்த அந்த வரி என்ன சொல்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பொத்தானை அழுத்தியதும் கணினியில் முதலில் ஓடுவது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் உள்ள ஒரு சிறு சிப்பில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள். அது நினைவகத்தையும் விசைப்பலகையையும் டிஸ்க்குகளையும் சோதித்துவிட்டு, தன்னிடம் குறித்து வைத்திருக்கும் பூட் வரிசைப்படி, அதாவது இயங்குதளத்தை எங்கெங்கே தேடுவது என்ற வரிசைப்படி, ஒவ்வொரு சாதனமாகப் போய் அதன் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அந்த 512 பைட்டுகளின் கடைசி இரண்டில் குறிப்பிட்ட ஓர் அடையாளம் இருந்தால், அதை இயங்குதளத்தின் வாசல் என்று ஏற்றுக்கொண்டு கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கும். இல்லையென்றால் வரிசையில் அடுத்த சாதனத்துக்குப் போகும். வரிசை முடிந்தும் வாசல் அகப்படாதபோதுதான் அந்த ஆங்கில வரி வரும். பயாஸ் தான் தேடிய இடங்களில் இயங்குதளம் கிடைக்கவில்லை என்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். டிஸ்க் பழுதானாலும் அதே வரிதான் வரும், தேட வேண்டிய இடத்தில் தேடாவிட்டாலும் அதே வரிதான் வரும்.

கணினியை இயக்கிய உடனே டெலீட் விசையைத் தொடர்ந்து தட்டிப் பயாஸுக்குள் நுழைந்தேன். பெரும்பாலான மதர்போர்டுகளில் டெலீட் அல்லது எஃப்2 இந்த வேலையைச் செய்யும். ஹெச்பி கணினிகளில் எஃப்10. உள்ளே போனதும் பூட் பக்கத்துக்கு நேராகப் போகாமல், முதல் பக்கத்தில் உள்ள தேதியைப் பார்ப்பது என் வழக்கம். பல ஆண்டுகளுக்கு முந்தைய ஜனவரி 1 என்று அங்கே இருந்தது. அதைப் பார்த்ததுமே பாதிப் பதில் கிடைத்துவிட்டது. பயாஸ் தன் நினைவை இழந்திருந்தது.

அந்த நினைவு எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் அமைப்புகளைச் சேமிக்க இடமே கிடையாது. எத்தனை ஃபிளாப்பி டிரைவ், எவ்வளவு நினைவகம் என்பதையெல்லாம் போர்டின் மேலுள்ள சிறு சுவிட்சுகளைத் தள்ளித்தான் தெரிவிக்க வேண்டும். 1984இல் வந்த பிசி ஏடி மாதிரியில் மோட்டோரோலாவின் கடிகாரச் சிப் ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் இருந்த 64 பைட்டுகளில் 14 கடிகாரத்துக்கு. மீதி 50இல் கணினியின் அமைப்புகள். சீமாஸ் என்று இன்றும் நாம் சொல்வது அந்த வழியில் வந்ததுதான். மின்சாரம் இல்லாதபோது அதை உயிரோடு வைத்திருப்பது ஒரு பேட்டரி. இன்றைய டெஸ்க்டாப்களில் அது சிஆர்2032 என்ற, 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள, காசு போன்ற 3 வோல்ட் பேட்டரி.

சுவரில் உள்ள சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளை போர்டுக்கு ஒரு சிறு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், இந்த பேட்டரிக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. ஆனால் கடையைப் பூட்டும்போது யுபிஎஸ்ஸையும் சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது நம் ஊரில் எல்லோருக்கும் உள்ள நல்ல பழக்கம். அப்படி அணைத்திருக்கும் ஒவ்வோர் இரவும் கடிகாரத்தை ஓட்டுவது இந்த பேட்டரிதான். ஏற்கெனவே தளர்ந்திருந்த பேட்டரிக்கு ஓர் இரவைத் தாங்க முடிந்திருக்கிறது, நான்கு பகல் நான்கு இரவுகளைத் தாங்க முடியவில்லை. மல்டிமீட்டரில் பார்த்தபோது 2 வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கடைத்தெருவில் வாங்கி வந்த புதிய பேட்டரியைப் போட்டேன்.

பேட்டரி மாற்றியதால் மட்டும் கணினி எழுந்துவிடாது. இழந்த அமைப்புகளைப் பேட்டரி திருப்பித் தராது. அவற்றை நாம்தான் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். தேதியையும் நேரத்தையும் சரிசெய்துவிட்டுப் பூட் பக்கத்துக்குப் போனேன். பலரைக் குழப்பும் ஓர் இடம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கணினியில் இரண்டு டிஸ்க்குகள்: விண்டோஸ் உள்ள 500 ஜிபி ஒன்று, பழைய கோப்புகளை வைக்கும் 1 டிபி ஒன்று. ஆனால் பூட் வரிசையில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்தான் தெரிந்தது, அதுவும் 1 டிபி டிஸ்க். மற்றொன்றைக் காணோமே, அப்படியானால் அது பழுதுதான் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடும். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் பூட் வரிசை இரண்டு அடுக்குகளாக இருக்கும். முதல் அடுக்கில் டிவிடி, ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி என ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு பிரதிநிதி. எந்த ஹார்ட் டிஸ்க் அந்தப் பிரதிநிதி என்பதை, அதே பக்கத்தின் அடியில் ஹார்ட் டிரைவ் பிரயாரிட்டி என்பது போன்ற பெயரில் இருக்கும் தனிப் பட்டியலில் தீர்மானிக்க வேண்டும். நினைவிழந்த பயாஸ், 1 டிபி டிஸ்க்கைப் பிரதிநிதி ஆக்கிவிட்டிருந்தது. அதில் இயங்குதளமே இல்லாததால் வாசல் அகப்படவில்லை. அடிப்பட்டியலைத் திறந்தபோது 500 ஜிபி டிஸ்க் தன் முழுப் பெயரோடு இரண்டாவதாக அமர்ந்திருந்தது. அதை மேலே ஏற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வந்தேன்.

விண்டோஸ் சின்னம் தோன்றியது. அக்கா கைகூப்பினார். அடுத்த கணமே நீலத் திரை ஒன்று மின்னி மறைந்து, கணினி தானாகவே மறுபடி தொடக்கத்துக்குப் போய்விட்டது.

எஃப்8 மெனுவில் தானாக மறுதொடக்கம் ஆவதை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, பிழை எண் 7பி என்று முடிந்திருந்தது. விண்டோஸ் தான் எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்ததோ அந்த டிஸ்க்கையே அணுக முடியவில்லை என்று சொல்லும் எண் அது. இதற்கும் டிஸ்க் பழுது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நினைவிழந்த பயாஸில் முதலில் பார்க்க வேண்டியது சாட்டா மோட். சாட்டா என்ற இணைப்பின் வழியே போர்டில் சேரும் டிஸ்க்குகளோடு பேச ஐடிஇ என்ற பழைய முறையும் ஏஎச்சிஐ என்ற புதிய முறையும் உண்டு. விண்டோஸ் 7 ஏற்றப்படும்போது எந்த முறையைக் காண்கிறதோ அதற்குரிய டிரைவர் என்ற சிறு மென்பொருளைத் தொடக்கத்திலேயே எழும்படி வைத்துக்கொண்டு, மற்றதை உறங்கவைத்துவிடும். அந்தக் கணினியில் விண்டோஸை ஏற்றியது நான்தான். அப்போது ஏஎச்சிஐக்கு மாற்றிவிட்டு ஏற்றியது நினைவிருந்தது. அந்தப் போர்டின் ஆரம்ப அமைப்போ ஐடிஇ. அதை ஏஎச்சிஐக்கு மாற்றிச் சேமித்தேன். இரண்டு நிமிடங்களில் பேஜ்மேக்கர் திறந்தது.

டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. இரண்டு சின்ன அமைப்புகள் இடம் மாறியதற்காகப் பன்னிரண்டு ஆண்டு வேலை அழிய இருந்தது என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்குப் பதைக்கிறது. பூட் டிவைஸ் இல்லை என்ற வரியைக் கண்டதும் ஃபார்மேட் என்று சொல்பவரிடம், பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா, தேதி சரியாக இருக்கிறதா, சாட்டா மோட் எது என்ற மூன்று கேள்விகளையாவது கேளுங்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

கடந்த ஆண்டு அக்கா யூனிகோடு வேலைகளுக்காகப் புதிய கணினி ஒன்றும் வாங்கினார். அதில் இருப்பது பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ. பழக்கத்தால் அதையும் பயாஸ் என்றே அழைக்கிறோம்; ஆனால் பூட் வரிசையின் பொருளே அதில் வேறு. இன்டெல் தன் இட்டானியம் என்ற செயலி கொண்ட கணினிகளுக்காகத் தொடங்கிய முயற்சி, 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்த அமைப்பின் கைக்குப் போய்ப் பொதுவான தரமாயிற்று. இதில் 512 பைட் வாசல் கிடையாது. டிஸ்க்கில் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் அமைந்த ஒரு சிறு பகுதி இருக்கும். அதில் உள்ள ஒரு கோப்பைத்தான் யூஇஎஃப்ஐ இயக்குகிறது. ஆகவே பூட் வரிசையில் டிஸ்க்கின் பெயருக்குப் பதிலாக விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பெயர் முதலில் நிற்கும். அது நிற்க வேண்டிய முறையும் அதுதான். டிஸ்க் பெயரைக் காணவில்லையே என்று அதைக் கீழே இறக்கிவிடக் கூடாது.

பழைய கணினியின் டிஸ்க்கைப் புதியதில் பொருத்தி எழுப்ப முடியுமா என்று அக்கா கேட்டார். பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கை யூஇஎஃப்ஐ நேரடியாக எழுப்பாது. சிஎஸ்எம் என்ற அமைப்பை இயக்கினால் சில போர்டுகள் பழைய பயாஸ் போல நடிக்கும். அதைச் செய்யச் சொல்லி அறிவுரை தருபவர்களும் நிறைய. நான் அதை ஆதரிப்பதில்லை. இன்டெல் 2017இலேயே இந்த வசதியைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. மேலும் சிஎஸ்எம்மை இயக்கினால், நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடக்கத்தில் ஓடவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைக்க வேண்டியிருக்கும், விண்டோஸ் 11 ஏற்றப்பட்ட டிஸ்க்கும் எழாமல் போகலாம். விண்டோஸ் 10 உள்ள டிஸ்க்காக இருந்தால், 2017 முதல் வந்த பதிப்புகளோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால், கோப்புகளை அழிக்காமலேயே டிஸ்க்கைப் புதிய முறைக்கு மாற்றலாம். காப்புப் பிரதி எடுத்த பிறகு மட்டும். விண்டோஸ் 7 டிஸ்க் தன் பழைய கணினியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

புதிய கணினியில் செக்யூர் பூட், சாவிகளைக் காக்கும் டிபிஎம் ஆகியவற்றின் அமைப்புகளைத் தொடும் முன், விண்டோஸ் தன் பிட்லாக்கர் வசதியால் டிஸ்க்கைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அமைப்பு மாறியதும் பிட்லாக்கர் அதைக் கேட்கும். சாவி இல்லையென்றால் கோப்புகளும் இல்லை.

பென் டிரைவிலிருந்து ஒருமுறை மட்டும் எழுப்பவேண்டிய தேவைக்காகப் பூட் வரிசையையே மாற்றுவது வீண். எஃப்12, எஃப்11, எஃப்8, எஃப்9 என்று போர்டுக்குப் போர்டு மாறும் ஒரு விசை, அந்த ஒரு முறைக்கு மட்டும் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் மெனுவைத் தரும்; நிரந்தர வரிசை அப்படியே இருக்கும். விசையை அழுத்துவதற்குள் விண்டோஸ் வந்துவிடுகிறது என்றால், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் பக்கங்களின் வழியாக யூஇஎஃப்ஐ அமைப்புகளுக்குள் நுழையலாம்.

அன்று கிளம்பும் முன் பழைய கணினியின் பயாஸ் பக்கங்கள் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்தோம். சாட்டா மோட் ஏஎச்சிஐ, முதல் டிஸ்க் 500 ஜிபி, மின்சாரம் வந்ததும் தானாக எழும் வசதி அணைக்கப்பட்டது, பேட்டரி மாற்றிய தேதி ஆகிய நான்கு வரிகளையும் அக்கா அந்தக் கணினியிலேயே தட்டச்சு செய்து, அச்சிட்டு, கேபினட்டின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்.