முதல் வெடிக்கு முன் அளந்து வைக்க வேண்டியவை

புதிய இரும்புத்தாதுச் சுரங்கத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்தால், வேலைவாய்ப்பு, வருவாய் பற்றிய பக்கங்களை ஒதுக்கிவிட்டு, நிலத்தடி நீர் பற்றிய அத்தியாயத்தைத்தான் நான் முதலில் பிரிப்பேன். திறந்தவெளிச் சுரங்கம் என்பது படிப்படியாக அகன்று கீழிறங்கும் குழி. அது நீர்மட்டத்தைத் தாண்டி இறங்கிய நாளிலிருந்து, குழி காய்ந்திருக்க வேண்டுமானால் நீரை இடைவிடாமல் இறைத்தாக வேண்டும். அப்படி இறைக்கும்போது சுற்றிலும் உள்ள நீர்மட்டம் புனல் வடிவில் சரியும். அந்தப் புனலின் விளிம்பு எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும், அதற்குள் எவருடைய கிணறுகள் அடங்கும் என்பதே என் முதல் கேள்வி.

இந்தக் கேள்விக்கு முன்பே தாதுவின் வகை பாதிக் கதையை எழுதிவிடுகிறது. 60 விழுக்காட்டுக்கு மேல் இரும்பு கொண்ட உயர்தர ஹெமடைட் என்றால், பெரும்பாலும் உடைத்துச் சலித்து அப்படியே கப்பலேற்றிவிடலாம். மேக்னடைட் படிவங்களில் 25 முதல் 35 விழுக்காடு இரும்புதான் இருக்கும் என்பதால், பாறையை மாவாக அரைத்துக் காந்தத்தால் பிரிக்க வேண்டும்; அரைத்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈரமான நுண்சேறாக மிஞ்சும். அந்தச் சேற்றைத் தேக்கும் அணை, சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அங்கேயே இருக்கும். பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று உடைந்து 270 உயிர்களைப் பறித்த அணைக்குள் 2016 முதல் புதிய கழிவு கொட்டப்படவே இல்லை. ஓய்வுபெற்ற அணை என்று ஒன்று கிடையாது போலும்.

நீருக்கு வருகிறேன். அறிக்கைகளில் சுரங்கத்துக்கு முன்பிருந்த நிலையைப் பதியும் ‘அடிப்படைத் தரவு’ என்ற பகுதி வறட்டு அட்டவணைகளாக இருப்பதால் பலர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். என் பார்வையில் முழு அனுமதியும் நிற்பது அதன்மேல்தான். கிணற்று நீர்மட்டம் இயல்பாகவே மழைக்குப் பின் ஏறும், கோடையில் இறங்கும், வறட்சி ஆண்டில் இன்னும் இறங்கும். ஒரே பருவத்தில் மூன்று மாதம் மட்டும் அளந்து வைத்திருந்தால், இந்த ஏற்ற இறக்கத்தின் எல்லை எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. சுரங்கம் தொடங்கிய எட்டாம் ஆண்டில் ஒரு கிணறு வற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் மழை பொய்த்தது என்னும். கிணற்றுக்காரர் சுரங்கம் உறிஞ்சியது என்பார். முன்பிருந்த நிலை பதிவாகவில்லை என்றால் இரண்டையுமே மெய்ப்பிக்க வழியில்லை, அந்த ஐயத்தின் பலன் பெரும்பாலும் நீரை இழந்தவருக்குப் போய்ச் சேர்வதுமில்லை. ஆகவே எல்லாப் பருவங்களையும் உள்ளடக்கிய ஓராண்டுத் தரவைக்கூட நான் குறைந்தபட்சம் என்றே கொள்வேன்; இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தால்தான் நீர்மட்டம் எப்படிச் சரியும் என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டும் புனலை நம்பத் தோன்றுகிறது.

நீரின் அளவைப் போலவே அதன் தன்மையும் முன்கூட்டியே அளக்கப்பட வேண்டும். தாதுவை ஒட்டிய கரும் களிப்பாறையில் பைரைட் என்ற, கந்தகம் கலந்த இரும்புக் கனிமம் இருந்தால், வெளியே கொட்டப்பட்டபின் அது காற்றும் நீரும் பட்டு அமிலமாகக் கசியும். எந்தப் பாறையைத் தனியே பிரித்து மூட வேண்டும் என்பது தோண்டும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

அறியும் முன்னர் அனுமதித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்கை விடக் கசப்பான சான்று எனக்குத் தெரியாது. இரும்புத்தாதுச் சுரங்க விரிவாக்கத்துக்காக அங்குள்ள பாறைக் குகைகளை அழிக்க 2013இல் அனுமதி கிடைத்தது. 2014இல் நடந்த அகழாய்வில்தான், ஏறத்தாழ 46,000 ஆண்டுகால மனித வாழ்வின் தடங்கள் அங்கிருப்பதும், 4,000 ஆண்டுப் பழமையான தலைமுடியால் பின்னிய கச்சையின் துண்டு ஒன்றும் தெரியவந்தன. புதிய தகவல் வந்தது என்பதற்காக அனுமதியைத் திறந்து பார்க்க அன்றைய சட்டத்தில் வழியில்லை. 2020 மே மாதத்தில் குகைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. எல்லாம் சட்டப்படியே நடந்தது என்பதுதான் அதில் உறுத்துவது.

எனவே பொதுக் கருத்துக் கேட்புக்குச் செல்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றே: கண்காணிப்புக் கிணறுகளின் வரைபடத்தைக் கேளுங்கள். தாதுவைத் தேடியபோது துளைத்த குழாய்களையே கண்காணிப்புக்கும் கணக்குக் காட்டுவதுண்டு. அவற்றில் பல, தோண்டப்படவிருக்கும் குழியின் எல்லைக்கு உள்ளேயே இருக்கும். சுரங்கம் இறங்க இறங்க அவை பாறையோடு சேர்ந்து அள்ளப்பட்டுவிடும். குழிக்கும் உங்கள் கிணறுகளுக்கும் நடுவே, இன்றே அளக்கத் தொடங்கி, சுரங்கம் மூடிய பிறகும் அளக்கக்கூடிய கிணறுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.