தலைமடையும் கடைமடையும்

சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள எங்கள் வயலில், ஒரு கார் பருவத்தின்போது, யூரியாவை நான்கு அளவுகளில் இட்டு ஒப்பிட முனைந்தேன். தலைமடை முதல் கடைமடை வரை நான்கு பட்டைகள், பட்டைக்கு ஓர் அளவு. அறுவடையில் தலைமடைப் பட்டை மற்றவற்றை விஞ்சியது. ஒவ்வொரு பட்டையிலும் ஐந்து இடங்களில் அறுத்து எடை போட்டிருந்ததால், இருபது எண்கள் கையில் உள்ளன என்ற தெம்பில் மாறுபாட்டுப் பகுப்பாய்வும் (அளவுகளுக்கிடையேயான வேறுபாடு தற்செயலை மிஞ்சியதா என்று பார்க்கும் கணக்கு) செய்துவிட்டேன். "தண்ணி மொதல்ல பாயுத இடம் வெளையாம என்ன செய்யும்?" என்று பக்கத்து வயல் அண்ணாச்சி கேட்டபோதுதான் பிழை உறைத்தது.

ஒரே பட்டையில் ஐந்து இடங்களில் அறுப்பது ஐந்து மறுசெய்கை (ஒரே அளவைத் தனித்தனி அலகுகளில் திரும்ப இடுவது) ஆகாது. உரம் இடப்பட்ட அலகு பட்டைதான், அது ஒவ்வோர் அளவுக்கும் ஒன்றே ஒன்று. நீரும் வண்டலும் தந்த விளைச்சலை யூரியாவின் பேரில் வரவு வைத்திருந்தேன். அப்படிக் கலந்துபோனதை எந்தக் கணக்கீட்டாலும் பிரித்தெடுக்க இயலாது.

1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் மறுசெய்கை, சமவாய்ப்பு (எந்த இடத்துக்கு எது என்பதைக் குலுக்கலுக்கு விடுவது), கட்டமைத்தல் (ஒத்த தன்மையுள்ள பாத்திகளை ஒரு கட்டமாகச் சேர்ப்பது) என்ற மூன்றையும் வலியுறுத்தியது இத்தகைய மண் ஏற்றத்தாழ்வை எதிர்கொள்ளத்தான்.

அடுத்த பிசானப் பருவத்தில் வயலை ஐந்து கட்டங்களாக வகுத்தேன். ஒரு கட்டத்துப் பாத்திகள் நான்கும் மடையிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருக்குமாறு, நீரோட்டத்துக்குக் குறுக்கே கட்டங்களை அமைத்து, அவற்றுள் எந்தப் பாத்திக்கு எந்த அளவு என்பதைக் கட்டந்தோறும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தேன். (வரப்பை உயர்த்தாவிட்டால் உரத்தண்ணீர் அடுத்த பாத்திக்குக் கசிந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

இருபது பாத்திகளுக்குரிய 19 கட்டின்மைப் படிகளில் (ஒப்பீட்டுக்குக் கிடைக்கும் சார்பற்ற தகவல்களின் எண்ணிக்கை) கட்டங்களுக்கு 4, உர அளவுகளுக்கு 3, பிழைக்கு, அதாவது இவ்விரண்டாலும் விளக்கப்படாத மீதி வேறுபாட்டுக்கு, 12. கட்டமைத்தல் இலவசமன்று: கட்டங்கள் இல்லையெனில் பிழைக்கு 16 கிடைத்திருக்கும், 5 விழுக்காட்டு மட்டத்தில் எஃப் மதிப்பு (உர அளவுகளின் சராசரி வேறுபாட்டுக்கும் பிழையின் சராசரி வேறுபாட்டுக்கும் உள்ள விகிதம்) 3.24ஐத் தாண்டினால் போதும், இப்போதோ 3.49ஐத் தாண்ட வேண்டும். ஆனால் எங்கள் வயலில் கட்டங்களின் வர்க்கக் கூடுதலே (கட்டத்துக்குக் கட்டம் உள்ள வேறுபாட்டின் அளவு) பகுப்பாய்வு அட்டவணையில் மிகப் பெரியதாக இருந்தது. அது முழுவதும் பிழையில் சேர்ந்திருந்தால் வேறெதுவும் புலப்பட்டிருக்காது.

அவ்வளவு செய்தும் உர அளவுகளின் எஃப் 3.49ஐ எட்டவில்லை. அதனால் நான்கு அளவுகளும் சமம் என்று நிறுவப்பட்டதாகாது. ஐந்து கட்டங்களுக்குப் பிடிபடாத சிறு வேறுபாடு இருக்கக்கூடும். வரும் பிசானத்தில் எட்டுக் கட்டங்கள் அமைக்க இடம் போதுமா என்று வயலை அளந்து பார்த்து வருகிறேன்.