மூத்த பிள்ளை யார்?

அப்பாவின் வயற்காணியை என் பெயருக்கு மாற்றுவதற்குப் பதினொரு மாதங்களும் ஒன்பது பயணங்களும் தேவைப்பட்டன. அவற்றில் ஐந்து வீண். இரண்டு பயணங்கள் எழுத்தரால் வீணாயின; மற்ற மூன்றும், நானே வாசித்துத் தெரிந்துகொண்டதை நம்பாமல் விட்டதால் வீணாயின. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எந்தப் பிரதேச செயலகம் என்று சொல்லப்போவதில்லை. எனக்கு இன்னும் அங்கே அலுவல் இருக்கிறது.

காணி, கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் மூன்று ஏக்கர். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அப்பாவுக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்த அரச நிலம். எங்கள் பக்கத்துப் பேச்சில் பெர்மிட் காணி. அம்மா 2017 இல் காலமானார். அப்பா 2023 கார்த்திகையில், காலபோக விதைப்பு முடிந்த வாரத்தில் போய்ச் சேர்ந்தார். தனக்குப் பிறகு காணிக்கு உரியவராக, அதாவது பின்னுரித்தாளராக, அவர் எவரையும் நியமித்திருக்கவில்லை. பிள்ளைகளில் நான் மூத்தவள். மூன்று வயது இளைய தம்பி வவுனியாவில் வேலை செய்கிறான். அப்பா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து வயலைப் பார்த்து வந்தவள் நான்தான். உர மானியத்துக்குப் பெயர் மாற்றக் கமநல சேவை நிலையத்துக்குப் போனபோது, முதலில் காணியை மாற்றிக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்பினார்கள்.

காணிக் கிளையில் எழுத்தர் தலை நிமிராமலே கேட்டார்: “மூத்த ஆம்பிளைப் பிள்ளை ஆர்?”

“தம்பி. ஆனால் மூத்தது நான், ஐயா.”

“அப்ப தம்பியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, தங்கச்சி.”

அவர் சொன்னது ஒரு காலத்தில் சட்டம்தான். 1935 ஆம் ஆண்டின் அந்தக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத காணி யாருக்குச் சேரும் என்று வரிசைப்படுத்தியபோது ஆண் மக்களை முதலிலும் பெண் மக்களை அதற்குப் பிறகும் வைத்திருந்தது. 2022 இல் வந்த திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டு, ஆணோ பெண்ணோ வயதில் மூத்த பிள்ளைக்கே முன்னுரிமை என்று ஆக்கியது. எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு சட்டத்தரணி இதைச் சொல்லக் கேட்டு, திருத்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியைத் தொலைபேசியில் இறக்கி இரண்டு இரவுகள் வாசித்திருந்தேன். பிரதி அப்போதும் என் கைப்பையில் இருந்தது. ஆனாலும் வாய் திறக்காமல் பேருந்து ஏறினேன்.

ஏன் என்று எனக்குத் தெரியும். 2009 இல், போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது எனக்குப் பதினாறு வயது. குடும்பப் பதிவுப் படிவத்தை நிரப்பும் வேலையை அப்பா என்னிடம் தந்தார். நான் தம்பியின் பிறந்த ஆண்டைப் பிழையாக எழுதிவிட்டேன். அதைத் திருத்தி முடிக்கும்வரை எங்கள் குடும்பத்தின் பதிவு மட்டும் தனியாகக் கிடந்தது. அப்பா ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு எந்தப் படிவத்தையும் இன்னொருவரிடம் காட்டாமல் நான் கொடுத்ததில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒன்று சொன்னால், நான்தான் பிழையாக வாசித்திருப்பேன் என்று மனம் உடனே முடிவு கட்டிவிடும்.

வீட்டில் மாமா, “கந்தோரில இருக்கிற மனிசனுக்குத் தெரியாத சட்டம் உனக்குத் தெரியுமோ?” என்றார். தம்பி நல்லவன், “உங்களுக்கு எது சுகமோ அதைச் செய்யுங்கோ அக்கா, என்ர பேருக்கு எடுத்துப்போட்டுப் பிறகு மாத்தலாம்” என்றான். இந்தப் பேச்சை நம்பவேண்டாம். பெர்மிட் காணியை உறவுக்குள் என்றாலும் நினைத்தபடி கைமாற்ற முடியாது; பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதாவது “பிறகு” என்பது இன்னும் ஒன்பது பயணங்கள்.

அப்படியிருந்தும், காணியைத் தம்பியின் பெயருக்கு எடுக்கத் தட்டெழுத்துக் கடையில் ஒரு சம்மதக் கடிதம் அடிப்பித்து, சமாதான நீதவானிடம் கொண்டுபோனேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பேனாவைத் தந்துவிட்டு, “வாசிச்சனீரோ பிள்ளை?” என்றார். ஓம் என்று சொல்லி, கையெழுத்தின் முதலெழுத்தைப் போட்டும் விட்டேன். உண்மையில் வாசித்திருக்கவில்லை. பொய் சொன்ன கூச்சத்தில் கண்ணை ஓட்டியபோது நான்காவது வரி தெரிந்தது: “மேற்படி காணியில் எனக்கு எவ்வித உரித்தும் இல்லையென உறுதியளிக்கிறேன்.” விட்டுக்கொடுப்பதாக அல்ல, உரித்தே இல்லையென்று. அந்த வயலின் வரம்பில் எத்தனை இடத்தில் நண்டு துளை போடும் என்று எனக்குத் தெரியும். பேனாவை மூடி வைத்துவிட்டுத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். ஒற்றை எழுத்தோடு அது இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது.

மூன்றாவது வீண் பயணம் முழுக்க என் பிழை. பெர்மிட்டில் அப்பாவின் பெயர் “யா” என்று முடிய, மரண அத்தாட்சிப்பத்திரத்தில் “யர்” என்று முடிந்திருந்தது. வீட்டிலேயே அதைக் கண்டேன். இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். பார்த்தார்கள். இரு பெயரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு மறுபடி போக வேண்டியதாயிற்று. உங்கள் கண்ணுக்கு ஒரு எழுத்து உறுத்தினால், அது அவர்களுக்கும் உறுத்தும்.

அடுத்த முறை எங்கள் காணிக்கான ஆவணக் கோவையையே காணவில்லை என்றார்கள். அதற்கடுத்த முறையும் அதே பதில். இந்த இடத்தில்தான் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் ஒன்று செய்தேன். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அப்பாவின் பெர்மிட் தொடர்பான காணிப் பேரேட்டுப் பக்கத்தின் பிரதி வேண்டும் என்று தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதினேன். எழுதியதை எவரிடமும் காட்டவில்லை. கொடுத்துவிட்டு வரும் வழி முழுவதும் வயிற்றைக் கலக்கியது. முடிவைச் சொல்ல அவர்களுக்குப் பதினான்கு வேலை நாட்கள் உண்டு. பன்னிரண்டாம் நாள் அழைப்பு வந்தது. காணாமற்போன கோவையும் அதோடு சேர்ந்து கிடைத்திருந்தது. பேரேட்டில் பின்னுரித்தாளருக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. விண்ணப்பம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பிரதியோடு எழுத்தரிடம் போனேன். அவர் மறுபடியும் ஆண்பிள்ளையைத்தான் கேட்டார். திருத்தச் சட்டத்தை மேசையில் விரித்து, உரிய பந்தியை விரலால் காட்டி, “ஐயா, இது எனக்குப் பொருந்தாது எண்டால் அதை எழுத்தில தாங்கோ” என்றேன். குரல் நடுங்கியது. சட்டத்தை விட அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். “எழுத்தில” என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாளை எடுத்துக்கொண்டு காணி உத்தியோகத்தரின் அறைக்குள் போனார். அந்த அம்மையார் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, “நீங்கள் சொன்னது சரி, தங்கச்சி. விசாரணைக்குத் திகதி போடுகிறேன்” என்றார். எழுத்தர் வஞ்சகமாக நடந்தார் என்று நான் சொல்லமாட்டேன். பழைய அட்டவணையோடு பல வருடம் வேலை செய்தவர். புதியதை யாரும் அவர் மேசையில் வைக்கவில்லை போலும். ஆனால் அவரை நம்பிக் கையெழுத்திட்டிருந்தால் இழப்பு அவருக்கில்லை.

கிராம அலுவலரின் அறிக்கை, இடப் பார்வை, தம்பி வந்து ஆட்சேபனை இல்லையென்று சொன்ன விசாரணை எல்லாம் சிக்கலின்றி நடந்தன.

ஒன்பதாவது பயணத்தில் கடிதம் கையில் கிடைத்தது. வாசலுக்கு வருமுன் நின்று வாசித்தேன். என் அடையாள அட்டை இலக்கத்தில் ஏழு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது. திரும்பிப் போய்ச் சொன்னேன். “கணினியில அடிச்சது தங்கச்சி, சரியாத்தான் இருக்கும்” என்றார் அதே எழுத்தர். அட்டையை எடுத்துக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டார். திருத்தி அடித்துக் கையொப்பமிட்டுத் தரும்வரை வாங்கிலிலேயே இருந்தேன். மூன்றரைப் பேருந்து போய்விட்டது.