பால் கடவாய்ப்பல் சொத்தை: அடைக்கணுமா, கேப்பா, பிடுங்கவா?

“பால் பல்லுதான அண்ணாச்சி, தானா விழுந்துரும்லா. சும்மா அடைச்சு விட்டுருவோம்.” ஆறு வயது மகளின் சொத்தைக் கடவாய்ப் பல்லைக் காட்டப் பாளையங்கோட்டையில் நாங்கள் முதலில் போன பல் கிளினிக்கில் கிடைத்த வைத்தியம் இதுதான். எக்ஸ்ரே எடுக்கவில்லை. முன் பல்லுக்கு அந்தப் பேச்சு சரி, ஆறேழு வயதில் விழுந்துவிடும். கடவாய்ப் பால்பல் விழ 10, 11, சிலருக்கு 12 வயதுகூட ஆகும். ஆறு வயதுப் பிள்ளை அதுவரை எதை வைத்து மெல்லும்?

அந்த அடைப்பு நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது. இரண்டு கடவாய்ப் பல்லும் உரசும் இடுக்கில்தான் சொத்தை விழுந்திருந்தது. அங்கே ஒரு பக்கச் சுவரே இல்லை. பசை மாதிரி வைக்கும் சிமெண்ட் கடிக்கிற அழுத்தத்தில் பெயர்ந்து வந்துவிடும். பால் பல்லில் எனாமலும் மெல்லிசு, நரம்பும் கிட்டத்திலேயே இருக்கும். பல்லின் ஓரம் உடைந்து தெரிகிறது என்றால் அநேகமாகக் கிருமி நரம்பை எட்டியிருக்கும். ஆகவே ஓரம் உடைந்த பல்லை எக்ஸ்ரே பார்க்காமல் அடைக்க விடாதீர்கள்.

ராத்திரி வலியோடு திரும்பப் போனபோது எக்ஸ்ரே எடுத்தார்கள், ஆன்டிபயாடிக் எழுதினார்கள். வீக்கம் வற்றியது, மருந்து முடிந்ததும் ஈறில் அதே இடத்தில் கொப்புளம் வந்து நின்றது. உள்ளே அழுகிய நரம்பு இருக்கிறவரை எந்த மாத்திரையும் அதைத் தீர்க்காது. வேறு டாக்டரிடம் காட்ட எக்ஸ்ரேயைக் கேட்டால், “கம்ப்யூட்டர்ல இருக்கு, எடுத்துத் தர ஆள் லீவு”. இதற்காகவே அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்த நாள் வீண். எடுத்த உடனே, கிளம்புமுன், படத்தைப் போனில் வாங்கிவிடுங்கள். வேர் நுனியும் வேர் பிரியும் கவட்டையும் தெரிகிறதா என்று பாருங்கள். அது தெரியாத படத்தை வைத்து அடுத்த டாக்டர் எதுவும் சொல்ல முடியாது.

குழந்தைகள் பல் மருத்துவரிடம் போனபின்தான் காரியம் நடந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றி. இனிப்போ குளிர்ந்ததோ பட்டால் மட்டும் வலித்து உடனே அடங்கினால் நரம்பு தப்பித்திருக்கலாம். தூக்கத்தில் எழுப்பி அழவைத்தால், தானாக வலித்தால், பெரும்பாலும் தப்பவில்லை.

நரம்பு நன்றாக இருந்தால் ஹால் முறை என்று ஒன்று உண்டு. ஊசியும் கிடையாது, குடைவதும் கிடையாது. பல் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் போட்டுச் சில நாள் கழித்து, ஸ்டீல் கேப்பை (பல்லை முழுதாக மூடும் உறை) சிமெண்டோடு அழுத்தி மாட்டிவிடுவார்கள். கடி கொஞ்சம் உயரமாகத் தெரியும், சில வாரத்தில் சரியாகும். சீழ் வைத்த பல்லுக்கு இது ஆகாது. சில்வர் திரவம் தடவுவதும் அப்படித்தான்: சொத்தை பரவாமல் நிறுத்தும், அந்த இடம் கரிக்கட்டையாகக் கறுக்கும், உடைந்த பல் உடைந்தபடியேதான் இருக்கும். நாற்காலியில் உட்காரவே மாட்டாத சிறுபிள்ளைக்கு நல்ல வழி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டியிருக்கும்.

மகளின் பின் கடவாய்ப் பால்பல்லில் மேல் நரம்பை, அதாவது வேருக்கு மேலே உள்ள நரம்பை, மட்டும் எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் ஈரப் பஞ்சை அழுத்தி ஐந்து நிமிஷம் போல வைத்துப் பார்ப்பார்கள். ரத்தம் நின்றால் வேர் நரம்பு ஆரோக்கியம், மருந்து வைத்து மூடிக் கேப் போடலாம். நிற்காவிட்டால் வேர் நரம்பையும் எடுத்தாக வேண்டும். அதனால் தொகையை முன்கூட்டியே இரண்டுக்குமாகக் கேட்டு வையுங்கள், பாதியில் கூடும்போது திகைக்க வேண்டாம். எதைச் செய்தாலும் மேலே கேப் கட்டாயம். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை விட்டால் பல் பிளந்துவிடும்.

கொப்புளம் வந்த முன் கடவாய்ப் பல்லில் வேர்க் கவட்டையில் எலும்பே கரைந்திருந்தது. அதைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கிவிட்டு இடத்தைச் சும்மா விட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து, கீழேயிருந்து வரும் பல்லுக்கு வழி அடைபடும். பின் பல்லின் கேப் மேலேயே பட்டை வைத்துக் கம்பி வளையம் மாட்டினார்கள். பின் பால்பல்லையே, அதுவும் அதற்குப் பின்னால் ஆறு வயதில் வரும் நிலையான கடவாய்ப் பல் முளைக்கும் முன்பு, எடுக்க நேர்ந்தால் இந்த வளையம் உதவாது, வேறு கருவி வேண்டும். அந்தப் பல்லைக் கூடியமட்டும் காப்பாற்றச் சொல்வது இதனால்தான்.

ஊசி போட்ட அன்றைக்கு வலியைவிட உதடுதான் பெரிய பாடு. கீழ்த்தாடை இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். பிள்ளை விளையாட்டாக உதட்டைக் கடித்துப் புண்ணாக்கி, மறுநாள் வெள்ளையாக வீங்கி நிற்கும். மரப்பு விடும்வரை பக்கத்திலேயே இருங்கள், மெல்ல எதுவும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120, 125, 250 மில்லிகிராம் என்று பல அளவில் வருகிறது. ஒரு வேளைக்கு, பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, பாட்டிலைப் படித்து ஊற்றுங்கள். கன்னம் கண் வரைக்கும் வீங்கினாலோ, காய்ச்சலோடு விழுங்க முடியாமல், வாய் திறக்க முடியாமல் போனாலோ கிளினிக் திறக்கக் காத்திருக்காமல் ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு (பாளையங்கோட்டை அரசு மருத்துவமனை) போய்விடுங்கள்.

வளையம் இருக்கிறவரை கடலைமிட்டாய் கூடாது, அல்வாவும்தான் (ஆச்சி ஒத்துக்கொள்ளவே இல்லை). கழன்று வந்தால் டப்பாவில் போட்டு அந்த வாரமே கொண்டுபோங்கள். வளையாமல் இருந்தால் அதையே திரும்ப ஒட்டித் தருவார்கள். தூக்கிப் போட்டுவிட்டால் புதிதாக அளவெடுப்பு, இன்னொரு தடவை காசு.